எதிர்பாராதது என்று சொல்லாதீர்கள்

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் மக்கள் மூச்சுத் திணறி எழுந்தார்கள். கண் எரிச்சல், தொண்டை அடைப்பு, வாந்தி. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி, எதுவும் கிடைக்காதவர்கள் நடந்தே ஊரைவிட்டு ஓடினார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. மறுநாளே தண்டையார்பேட்டையில், இந்தியன் ஆயில் கிடங்கில் ஒரு தொட்டி வெடித்து ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அதே மாதம் முதல் வாரத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து, எண்ணூர் முகத்துவாரத்தைக் கறுப்பாக்கியிருந்தது. ஒரே மாதம், ஒரே கடற்கரை, மூன்று விபத்துகள்.

மூன்றுக்கும் பிறகு ஒரே விளக்கம்தான் காதில் விழுந்தது. எதிர்பாராதது, இயற்கையின் சீற்றம், யாரால் கணித்திருக்க முடியும்?

இந்த விளக்கத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தொழில் நடத்துபவர்கள், அவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள், அவர்களைக் கண்காணிக்கும் அதிகாரிகள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒருமனதாக ஏற்றுக்கொண்ட நம்பிக்கை அது. தகவல் போதாததால்தான் விபத்து நடக்கிறது. ஆகவே இன்னும் தகவல் வேண்டும், இன்னும் நுட்பமான கருவி வேண்டும், இன்னும் கேமரா, சுவர் முழுக்கத் திரை வைத்த கட்டுப்பாட்டு அறை வேண்டும். அவற்றைப் படித்துச் சொல்லத் தனிப் பிரிவு ஒன்று வேண்டும். கீழே வால்வு திருப்புகிறவர், வெல்டிங் வைக்கிறவர், லாரி ஓட்டுகிறவர் தத்தம் வேலையைப் பார்த்தால் போதும். ஆபத்தை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். வடசென்னையில் நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், தேவையான தகவல் யாரோ ஒருவரிடம் இருந்தே இருக்கிறது. சில சமயம் ஊருக்கே தெரிந்திருக்கிறது. அந்தத் தகவல் அன்றைய வேலையை மாற்றவில்லை என்பதுதான் கோளாறு. இன்னும் பத்துத் திரைகளை மாட்டினாலும் இந்தக் கோளாறு தீராது.

அம்மோனியாவிலிருந்தே தொடங்குவோம். உரம் செய்ய வேண்டிய அம்மோனியா திரவமாகக் கப்பலில் வருகிறது. திரவமாகவே இருக்க வேண்டுமென்றால் அது சைபருக்குக் கீழே 33 டிகிரியில் இருக்க வேண்டும். வெளி வெப்பத்திலேயே கிடக்கும் குழாயில் அதை நேரடியாக விட முடியாது. ஆகவே கப்பல் வந்து சேருமுன் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரூட்டுவார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் அன்று அழுத்தம் குறைந்தது, வாடை கிளம்பியது. பின்னர் தமிழக அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, குழாயைச் சுற்றிப் போட்டிருந்த கருங்கற்கள் மிக்ஜாம் புயலில் இடம்பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது.

புயல் டிசம்பர் 4-ஆம் தேதி சென்னையை முடக்கிப் போட்டது. கசிவு 26-ஆம் தேதி. நடுவில் மூன்று வாரம். புயல் அடித்ததும் கடல் கொந்தளித்ததும் யாருக்கும் தெரியாத செய்திகள் அல்ல. எண்ணூர்க் கரையில் கல் புரளும் என்பது அங்கே வலை இழுக்கும் எந்த மீனவருக்கும் தெரியும். அந்தக் கரையில் தூண்டில் வளைவுகளும் கற்சுவர்களும் எத்தனை முறை சரிந்து எத்தனை முறை மறுபடி போடப்பட்டன என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆக, புயல் தெரியும், கல் புரள்வது தெரியும், கல்லுக்கடியில் குழாய் இருப்பதும் தெரியும். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து நிற்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. குளிரூட்டலைத் தொடங்கும் ஷிஃப்ட் பொறுப்பாளர் கையில் இருக்கும் சரிபார்ப்புத் தாளில் ஒரு வரி: புயலுக்குப் பின் கடலடிக் குழாயை நேரில் பார்த்தவர் யார், எந்தத் தேதியில், என்ன கண்டார்? அதற்குப் பதில் எழுதாமல் வால்வைத் திறக்கக் கூடாது.

புயலுக்கு முன் அன்றாடமாக இருந்த வேலை புயலுக்குப் பின் அன்றாட வேலை அல்ல. இதைச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆபத்தைப் பற்றிய அறிவு ஒரு அறையிலும் வேலை இன்னொரு இடத்திலும் இருக்கும்வரை, நேற்றுச் செய்ததையேதான் கை இன்றும் செய்யும்.

அடுத்தது தண்டையார்பேட்டை. அந்தக் கிடங்கில் எத்தனால் சேமிக்கும் தொட்டியில் வெல்டிங் வேலை நடந்தபோது வெடித்தது என்று செய்திகள் கூறின. எண்ணெய்க் கிடங்குகளில் பல பத்தாண்டுகளாகப் பெட்ரோலும் டீசலும் மண்ணெண்ணெயும்தான் புழங்கின. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்க வேண்டும் என்ற அரசின் இலக்கினால் நாடெங்கும் கிடங்குகளில் எத்தனால் பெருகியிருக்கிறது. இங்கே வேதியியல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூடிய பெட்ரோல் தொட்டியில், நம் ஊர் வெப்பத்தில், திரவத்துக்கு மேலே இருக்கும் வெற்றிடம் ஆவியால் நிரம்பிவிடுகிறது. காற்று போதாததால் அந்தக் கலவை உள்ளே எளிதில் பற்றாது. எத்தனால் அப்படியல்ல. சென்னையின் சாதாரண வெப்பநிலையில் அதன் தொட்டிக்குள் ஆவியும் காற்றும் பற்றிக்கொள்ளக்கூடிய அளவில் கலந்து நிற்கின்றன. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரித் தொட்டிகள். ஒரே பெயின்ட், ஒரே ஏணி. உள்ளே இருக்கும் ஆபத்து வேறு.

இது பாடநூலில் இருக்கும் செய்திதான். ஆனால் தொட்டியின் மேல் ஏறுகிற வெல்டருக்கு இது தெரியுமா? அவர் ஒரு ஒப்பந்தக்காரரின் ஆள். அந்த ஒப்பந்தக்காரர் இன்னொருவரிடம் வேலை எடுத்தவர். போன மாதம் கப்பல் பட்டறையில், இந்த மாதம் எண்ணெய்க் கிடங்கில், அடுத்த மாதம் அனல்மின் நிலையத்தில் என்று போகிறவர். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருந்தால், சுவரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொங்கும் எச்சரிக்கைப் பலகை அவருக்கு வெறும் படம். நிறுவனத்தின் இடர் பதிவேடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், அவர் கையெழுத்துப் போடும் ஹாட் ஒர்க் பெர்மிட்டில் (தீப்பொறி பறக்கும் வேலைக்கான அனுமதித் தாளில்), அவருக்குப் புரியும் மொழியில், இந்தத் தொட்டி எத்தனால் தொட்டி, காற்றில் ஆவி இருக்கிறதா என்று அளந்து பார்த்த அளவு இது, அளந்த நேரம் இது, அதன் பிறகு இத்தனை நிமிடத்துக்குமேல் ஆனால் மறுபடி அளக்காமல் தீ வைக்காதே என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நாட்டின் எரிபொருள் கொள்கை மாறினால் தண்டையார்பேட்டையில் ஒரு பெர்மிட் தாளும் மாற வேண்டும்.

கீழே இருப்பவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று ஒரு வாதம் உண்டு. சபையில் யாரும் இதைச் சொல்வதில்லை. உள்ளூர எல்லோரும் நம்புகிறார்கள். இந்த வாதம் எனக்குக் கோபமூட்டுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் டேங்கர் லாரிக்காரர்களைப் பாருங்கள். கிடங்கின் கேட்டுக்குள் நுழையுமுன் புகைபோக்கியில் பொறியை அடக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்க வேண்டும். செல்போனை வெளியே விட வேண்டும். லோடு ஏற்றுமுன் வண்டியை எர்த்திங் ஒயரில் மாட்ட வேண்டும். எண்ணெய் குழாயில் ஓடும்போது உராய்வால் நிலைமின்சாரம் சேரும், அது தாவினால் பொறி பறக்கும் என்பது இயற்பியல். அந்த இயற்பியல் ஒரு கிளிப்பாக மாறி, ஓட்டுநரின் கையில் வந்து, நாளுக்கு எத்தனையோ முறை மாட்டிக் கழற்றப்படுகிறது. கிளிப் மாட்டாமல் லோடு ஏறாது என்று ஏற்பாடே செய்துவிட்டார்கள். ஆபத்தைப் பற்றிய அறிவு வேலைக்குள் நுழைவது என்றால் இதுதான். ஓட்டுநருக்கு அது சாத்தியமானால் வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் ஏன் சாத்தியமில்லை? ஏற்பாடு செய்கிறவர்கள் செய்யவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இதைவிடப் பழைய சான்று. 1864-இல் கல்கத்தாவைப் புயல் அழித்த பின், மறு ஆண்டே அங்கே துறைமுக எச்சரிக்கை முறை தொடங்கிவிட்டது. அப்போது இந்திய வானிலைத் துறையே பிறக்கவில்லை; அது 1875-இல் வந்தது. இன்று ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். மூன்றாம் எண் ஏறினால் துறைமுகத்தில் பலத்த காற்று வீசும் என்று பொருள். பத்தாம் எண் ஏறினால் தீவிரப் புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கப்போகிறது. காசிமேட்டில் படகை எங்கே கட்டுவது, கப்பலைத் தளத்திலிருந்து வெளிக்கடலுக்கு அனுப்புவதா, கிரேனைப் பூட்டுவதா என்பதையெல்லாம் அந்த எண் முடிவு செய்கிறது. யாரும் கூட்டம் போட்டு அறிக்கை படித்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. என்னை மிகவும் கவர்வது பதினொன்றாம் எண். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருக்கலாம் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வரவில்லை என்பதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் முறை. இன்றைய எந்த மென்பொருளையும்விட இது தெளிவாக யோசித்திருக்கிறது. திரை இருண்டு கிடந்தால் நம் ஆட்கள் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

தகவல் இருந்தும் வேலை மாறாத கதை இந்தக் கடற்கரைக்குப் புதிதும் அல்ல. 1914 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்துக்கொண்டு திரிவது ஒரு வாரத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகம் விளக்கெரிய நின்றது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் குண்டுபட்டு எரிந்தன. விளக்கை அணைக்கச் சொல்ல உளவுத்துறை வேண்டியதில்லை. பத்திரிகை படித்த ஒருவர், விளக்குக்குப் பொறுப்பான ஒருவரிடம் பேசியிருந்தால் போதும்.

இனி மணலிக்கு வருவோம். மிக்ஜாம் திடீரென வானத்திலிருந்து குதிக்கவில்லை. வானிலை மையம் நாள்கணக்கில் எச்சரித்தது. டிசம்பர் 4-ஆம் தேதிக்கு அரசு முன்கூட்டியே விடுமுறை அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கப் போதுமாக இருந்த தகவல், சுத்திகரிப்பு ஆலையின் முற்றத்தில் தேங்கும் எண்ணெய் கலந்த நீர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளப் போதாதா? தங்கள் குழாய் எதுவும் உடையவில்லை என்று அந்த ஆலையை நடத்தும் சென்னைப் பெட்ரோலியம் நிறுவனம் சொன்னது. ஆலை வளாகத்துக்குள் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதவில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் மீனவர்கள் வெறும் கையாலும் மக்காலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த படங்களை நாடே பார்த்தது.

அதே மாதிரிப் படங்கள் அதற்குக் கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை வந்தவை. 2017 ஜனவரி 28 விடியற்காலை காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்று துறைமுகம் முதலில் அறிவித்தது. பிறகு எண்ணெய் கரை ஒதுங்க ஒதுங்க, கணக்கு ஏறிக்கொண்டே போனது. எண்ணெய்க் கசிவைச் சமாளிக்கத் தேசிய அளவில் ஒரு திட்டம் 1996-லிருந்தே இருந்தது. கடலில் எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று கணித்துச் சொல்லும் வசதியை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வைத்திருந்தது. இவ்வளவும் இருந்தும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கடைசியில் வாளிதான் மிஞ்சியது. மாணவர்களும் தன்னார்வலர்களும் தொழிலாளிகளும் தார்போல் கெட்டிப்பட்ட எண்ணெயை வாளியில் அள்ளினார்கள். திட்டம் இருந்தது, கணிப்பு இருந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் யார் எதை எடுத்துக்கொண்டு எங்கே ஓட வேண்டும் என்ற ஒத்திகை கையில் இல்லை. கிட்டத்தட்ட ஏழு ஆண்டு கழித்து அதே கடற்கரையில் அதே நிலை.

நடந்து முடிந்த பின் எல்லோரும் அறிவாளிகள்தான் என்று மறுப்பார்கள். இந்த மறுப்பை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் நாளுக்கு நூறு அலாரம் அடிக்கும், அதில் எது உண்மை என்று முன்கூட்டி எப்படித் தெரியும் என்பார்கள். தெரியாதுதான். ஆனால் யாரும் ஜோதிடம் கேட்கவில்லை. இந்தக் கப்பல் இந்த நாளில் மோதும் என்று சொல்லச் சொல்லவில்லை. தெரிந்துவிட்ட ஒன்று அடுத்த செயலை மாற்ற வேண்டும் என்றுதான் கேட்கிறோம். புயல் வந்து போனது தெரிந்த ஒன்று. தொட்டியில் எத்தனால் இருப்பது தெரிந்த ஒன்று. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பரில் தொட்டி நிரம்பி வழிந்து வெடித்ததே, அந்தத் தொட்டியின் அளவுமானி அதற்கு முந்தைய சில மாதங்களில் பதினான்கு முறை சிக்கி நின்றிருந்தது. பதினைந்தாவது முறை சிக்கும் என்று கணிக்க என்ன தீர்க்கதரிசனம் வேண்டும்? சிக்கியபோதெல்லாம் அப்போதைக்கு அதைச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கோளாறு பழகிவிட்டது. பழகிய கோளாறு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1988 ஜூலை 6-ஆம் தேதி வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிஃப்ட் கழற்றியிருந்தது. அதைக் குறித்த பெர்மிட்டும் எழுதப்பட்டிருந்தது. இரவு ஷிஃப்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்பு நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். தகவல் காகிதத்தில் இருந்தது. காகிதம் மேசையில் இருந்தது. பொத்தானை அழுத்தியவர் மனத்தில் இல்லை. உலகத்தின் மிகப்பெரிய எண்ணெய் விபத்துகளில் ஒன்று, ஷிஃப்ட் மாறும்போது பேசப்படாத ஒரு வாக்கியத்தால் நடந்தது. அதன் பிறகு பிரிட்டன் கடல் எண்ணெய்த் தொழிலின் விதிகளையே மாற்றி எழுதியது.

அரசாங்கமும் தப்பவில்லை. 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் இருந்தது. 37 கன்டெய்னர்களில் 697 டன். கொஞ்ச தூரத்தில் குடியிருப்புகள். ஐந்து ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. கோப்பில் இருந்தது, பதிவேட்டில் இருந்தது, சீல் வைத்த அதிகாரிக்குத் தெரியும், கிடங்கின் வாட்ச்மேனுக்கும் தெரியும். 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் அதே பொருள் வெடித்து நகரத்தையே சிதைத்தது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி மணலியிலிருந்து முதல் கன்டெய்னர்கள் ஐதராபாத்துக்குக் கிளம்பிவிட்டன. ஐந்து ஆண்டு நகராதது ஐந்து நாளில் நகர்ந்தது. இடையில் மணலியைப் பற்றிய புதுத் தகவல் எதுவும் யாருக்கும் கிடைக்கவில்லை. எடை அதே எடை, இடம் அதே இடம். வேறொரு நாட்டில் 200 பேருக்கு மேல் சாக வேண்டியிருந்தது, நம் ஊரில் ஒரு கோப்பு அசைய. தகவல் போதாததால்தான் விபத்து என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

தண்டையார்பேட்டைக்காரர்கள் இதற்கும் முன்பே பட்டவர்கள். 2013-இல் இங்கே வீடுகளின் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வந்தது. திறந்தால் பெட்ரோல் வாடை. பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய்க் கசிவு என்று தெரிந்து, பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்குப் போய், மண்ணுக்குள் இறங்கிய எண்ணெயை எடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க நிறுவனங்கள் வழக்கமாகச் செய்வது, ஒரு முனையில் செலுத்திய அளவையும் மறுமுனையில் வந்து சேர்ந்த அளவையும் ஒப்பிடுவது. பெரிய உடைப்பு அதில் உடனே தெரியும். ஊசித்துளைக் கசிவு தெரியாது. அளவுமானியின் பிழைக்குள்ளேயே அது மறைந்துவிடும். அதைக் கண்டுபிடித்த கருவி, குழாயடியில் குடத்தை வைத்து முகம் சுளித்த பெண்ணின் மூக்கு. அவருடைய புகார் எங்கே பதிவாகிறது? பெரும்பாலும் குடிநீர் வாரியத்தில், வார்டு அலுவலகத்தில், அதிகம் போனால் காவல் நிலையத்தில். குழாயை இயக்குகிறவரின் லாக் புக்கில் அது ஏறுவதில்லை. பொதுஜனத் தொந்தரவு என்ற தலைப்பில் அது ஒதுக்கப்படுகிறது. என் வாதத்தில் எதையும் நீங்கள் ஏற்காவிட்டாலும் இதையாவது ஏற்க வேண்டும்: வடசென்னையில் ஆபத்தைப் பற்றிய மிகத் துல்லியமான தகவல் தெருவில் இருக்கிறது. வாடை மாறினால் முதலில் தெரிவது குப்பத்துக்கு. தண்ணீர் நிறம் மாறினால் முதலில் தெரிவது இறால் பிடிக்கிறவருக்கு. அவர்களைப் போராட்டக்காரர்கள் என்று பட்டியலிட்டுவிட்டு, கோடிக்கணக்கில் கண்காணிப்புக் கருவி வாங்குவது என்ன நிர்வாகம்?

செலவு என்பார்கள். கப்பலை ஒரு நாள் காக்க வைத்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும்; வேலையை அரை ஷிஃப்ட் நிறுத்தினால் கணக்கில் உதைக்கும். உண்மை. ஆனால் அந்த முடிவை எடுக்கும் சூப்பர்வைசரின் நிலையை யோசியுங்கள். நிறுத்தினால் அன்றே கேள்வி வரும். நிறுத்தாவிட்டால் ஒருவேளை எதுவும் நடக்காது. அவர் என்ன செய்வார்? ஆகவே நிறுத்தியவரைக் கேள்வி கேட்க மாட்டோம் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்து, ஒருமுறையாவது அதை நடத்திக் காட்ட வேண்டும். ஆபத்து கண்ட தொழிலாளி எச்சரிக்கலாம் என்ற உரிமையை, போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். நிரந்தரத் தொழிலாளியே அதைப் பயன்படுத்தத் தயங்குகிறார்; நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத கான்ட்ராக்ட் ஆள் எப்படி வாய் திறப்பார்? அவரைப் பேசவைக்காத எந்த ஏற்பாடும் ஏற்பாடல்ல, ஏனென்றால் தொட்டியின் மேல் நிற்பவர் அவர்தான்.

சிறு தொழில்களுக்கு இதெல்லாம் எட்டாது என்பதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. காசிமேட்டைச் சுற்றி ஐஸ் ஃபாக்டரிகள் இருக்கின்றன; ஐஸ் போடும் தொழிலில் பெரும்பாலும் அம்மோனியாதான் ஓடுகிறது. பெரிய ஆலையின் அதே வாயு, சின்னத் தெருவில், வீடுகளுக்கு நடுவில். அங்கே தனிப் பிரிவும் கட்டுப்பாட்டு அறையும் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். எந்த வால்வு இறுகாமல் அடம்பிடிக்கிறது, எந்த இடத்தில் வாடை வந்தது, முகமூடி எங்கே மாட்டியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பக்கத்து வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் யார் என்பதை இரவு ஆள் பகல் ஆளிடம் சொல்லிவிட்டுப் போனால், அந்த ஃபாக்டரி எத்தனையோ பெரிய நிறுவனங்களைவிட நன்றாக ஆபத்தைக் கையாள்கிறது என்பேன். தனிப் பிரிவு இல்லாததாலேயே சிறு பட்டறைகளில் அறிவும் வேலையும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் அதைப் பிரித்ததுதான் தவறு.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். அம்மோனியா கண்டறியும் கருவி வேண்டும், சைரன் வேண்டும், கேமராவும் இருக்கட்டும். 2020 மே மாதம் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி ஊரைச் சூழ்ந்தபோது, அந்த ஆலையில் சைரன் வசதி இருந்தது, அது அடிக்கப்படவில்லை. வாங்கி மாட்டிய கருவிக்கும் அதை அடிக்க வேண்டிய விரலுக்கும் நடுவில்தான் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அந்த இடைவெளியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஆகவே தண்டையார்பேட்டை முதல் எண்ணூர்வரை தொழில் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் நேரானது. அடுத்த முறை இடர் மேலாண்மைக்கென்று பணம் ஒதுக்கும்போது, மாநாட்டு அறைக்கு ஒதுக்குமுன் ஷிஃப்ட் மாறும் கால்மணி நேரத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டு ஷிஃப்டும் சம்பளத்தோடு சேர்ந்து நிற்கட்டும், நின்று பேசட்டும். பெர்மிட்டை ஏறுகிறவரின் மொழியில் அச்சடியுங்கள். தெருவிலிருந்து வரும் புகாரை, வந்த நிமிடத்தில் லாக் புக்கில் ஏற்றி, அதற்கு யார் என்ன செய்தார் என்று எதிரே எழுதுங்கள். இதற்கு அந்நிய நாட்டு மென்பொருள் எதுவும் தேவையில்லை.

இந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அபாயகரமான ரசாயனங்கள் குறித்த 1989-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. பெரும் விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு, ஆபத்து என்ன வகை, பாதுகாப்பு ஏற்பாடு என்ன, அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைத் தொழிற்சாலைதான் நேரடியாகவோ அதற்கான அதிகாரி வழியாகவோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. வளாகத்துக்கு வெளியே செயல்படுத்தும் அவசரகாலத் திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. உங்கள் தெருவுக்கு அந்தத் தாள் வந்திருக்கிறதா, அந்த ஒத்திகை நடந்திருக்கிறதா என்று தொழிற்சாலையிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை மறுபடி மறுபடி கேளுங்கள்.